முன்னமே விடு

என் வயதுக்காரரே, உங்களில் கணிதம் படித்தவர்களுக்கு அந்த விமானக் கணக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் அகப்பட்ட சனங்களுக்குக் கிடையாகப் பறந்து வரும் விமானமொன்று உணவுப் பொதி போட வேண்டும். உயரம் தந்திருப்பார்கள், வேகம் தந்திருப்பார்கள். சனங்கள் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் முன்பாகப் பொதியை விட வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். கடைசியில் மறக்காமல், வளித்தடையைப் புறக்கணிக்க, அதாவது காற்று தடுப்பதைக் கணக்கில் எடுக்காதே, என்று ஒரு வரியும் இருக்கும். கணிதம் படிக்காதவர்கள் எழுந்து ஓட வேண்டாம். நானே அதைப் படித்தது பன்னிரண்டு வயதில், சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டுதான்.

யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி இந்த எறியக் கணக்கைப் பற்றி வாயைத் திறந்தால் அது ஷெல்லில்தான் போய் முடியும் என்று இப்போதே முகத்தைச் சுளிப்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டில் ஷெல் விழவில்லை. விழுந்திருந்தால் திட்டுவதற்காவது யாராவது கிடைத்திருப்பார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு, சண்டிலிப்பாய். ஐயா வெங்காயமும் புகையிலையும் வைக்கும் தோட்டக்காரர். என் ஒரே அண்ணை உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் வெங்காயக் கொட்டிலில்தான் அவருடைய படிப்பு. பிடிபிடியாகக் கட்டி மேலே தூக்கித் தொங்கவிட்ட வெங்காயத்தின் கீழே ஒரு மேசை. அவருடைய சட்டை, கொப்பி, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருக்கும். ரியூட்டறி வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்துகிறான் என்று சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கும் நான் வெங்காயம் வாங்கினால் அதைச் சமையலறையில் வைப்பதில்லை, வெளியே வைத்துவிடுவேன்.

அண்ணைக்கு ஒரு பழக்கம். எந்தக் கணக்கையும் யாருக்காவது வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குப் பிடிபடும். ஐயாவுக்கு நேரமில்லை, அம்மாவுக்குப் பொறுமையில்லை. மாட்டுக்குச் சொல்லிப் பார்த்தார், அது எழும்பிப் போய்விட்டது. மிஞ்சியது நான். புத்தகத்தில் எல்லாக் கல்லையும் மலையுச்சியில் நின்றுதான் எறிவார்கள். தட்டையான எங்கள் ஊரில் மலையை எங்கே கண்டோம்? மலையென்றால் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். நானும் காணவில்லை, ஆனால் அதன் உயரம் எண்பது மீற்றர் என்று அண்ணை சொன்னார்.

முதலில் இரண்டு அம்பு கீறுவார். படுத்த அம்பு கிடை, நின்ற அம்பு நிலைக்குத்து. இரண்டும் அடுத்தடுத்த வளவில் இருந்துகொண்டு முகம் பார்க்காத சொந்தக்காரர் போல, ஒன்றின் பாட்டில் மற்றது தலையிடாது என்பார். விழுவதற்கு எவ்வளவு நேரம் என்பதை நின்ற அம்பிடம் கேள். அந்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் படுத்த அம்பிடம் கேள். அவ்வளவுதான் கணக்கு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கவலையையும் சொல்லிவிட வேண்டும். ஜேர்மனியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அண்ணையை அங்கே எடுப்பதற்கு எல்லா ஒழுங்கும் செய்திருந்தார். பாஸ்போட் வந்துவிட்டது. ஆனி முடிவதற்குள் பெடியன் கொழும்புக்கு வந்தாக வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வடமராட்சிப் பக்கம் அப்போது பெரிய சண்டை. தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வந்துகொண்டிருந்தது. அடுத்தது நாங்கள்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அம்மா, பெடியனை அனுப்பிவிடுங்கள் என்று ஐயாவின் காலைச் சுற்றாத குறையாக நின்றார். அண்ணைக்குச் சோதனை எழுத வேண்டும், என்ஜினியராக வேண்டும். ஐயா இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆண்பிள்ளை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வைகாசி முழுவதையும் கடத்தினார்.

விமானக் கணக்கு எனக்கு விளங்கவேயில்லை. சனத்துக்கு நேர் மேலே வந்து போட்டால்தானே சனத்திடம் விழும்? அதற்கு முன்னமே விட்டால் வெறுந்தரையில் அல்லவா விழும்? நான் விடாப்பிடியாக நின்றேன். அண்ணை அம்மாவின் பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு போய், வேலிகளுக்கு இடையே போகும் ஒழுங்கை நடுவில் வைத்தார். தோட்டத்துச் செம்மண்ணைக் குழைத்து உருண்டை பிடித்தார். சைக்கிள் கரியரில் என்னை ஏற்றி, உருண்டையைக் கையில் தந்து, பக்கத்தில் நீட்டிய கை கடகத்துக்கு நேர் மேலே வரும்போது விடச் சொன்னார். எறியக் கூடாது, தள்ளக் கூடாது, விரலை மட்டும் விரிக்க வேண்டும்.

விட்டேன். உருண்டை கடகத்தைத் தாண்டிப் போய்ச் சளக்கென்று விழுந்தது. இன்னொருக்கால் விட்டேன், அதுவும் தாண்டிப் போனது. எனக்கு அழுகை வந்தது. அண்ணை சைக்கிளை நிறுத்தி, என் கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். வேலியில் நட்ட ஒரு கதியால் தடியிலிருந்து மற்றக் கதியாலுக்கு சைக்கிள் போக எடுக்கும் நேரத்தை ஐயாவின் மணிக்கூட்டில் பார்த்தார். நிலத்திலேயே ஈர்க்கால் கணக்குச் செய்து, கடகத்துக்கு இரண்டு கவடு முன்னால் ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். கோட்டைக் கண்டதும் விடு, கடகத்தைப் பாராதே என்றார். நான் கடகத்தைத்தான் பார்த்தேன். பார்த்தால் கை விடாது. சைக்கிளை மிதித்துக்கொண்டே அண்ணை கத்தினார்.

"முன்னமே விடு தங்கச்சி. மேலை வந்தாப் பிறகு விட்டால் தாண்டிப் போடும்."

அடுத்த முறை கோட்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். உருண்டை கடகத்தின் நடுவில் பொத்தென்று விழுந்தது. அந்தச் சந்தோசத்தை நான் என்னவென்று சொல்ல? அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் சரியாக வந்தவை பல. அந்தச் சத்தம் ஒன்றிலும் கேட்கவில்லை.

அண்ணை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, இன்னொன்று கேட்டார். உருண்டை கடகத்தில் விழும்போது நீ எங்கே இருந்தாய்? நான் யோசித்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது உருண்டை என் கைக்கு நேர் கீழே கிடந்தது. நேர் மேலே இருந்தேன் என்றேன்.

"ஓம். விட்டாலும் அது எங்களோடைதான் வரும். கீழை போகுமே ஒழிய, பின்னுக்கு நிண்டு போகாது" என்றார். பிறகு சோதனைக்குப் படிக்கிற பெடியன் என்பதால், "வளித்தடையைப் புறக்கணிச்சால்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா வந்து கடகத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்து எங்கள் இருவரையும் ஏசினார். ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார் என்றுதான் அப்போது எண்ணினேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் அந்த விமானங்கள் வந்தன. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இந்தியாவிலிருந்து வந்து வானத்திலிருந்து சாப்பாடு போட்ட அந்தப் பின்னேரம் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். முதலில் சத்தத்தைக் கேட்டுப் பங்கருக்குள் இறங்கினோம். பிறகு ஒழுங்கையில் ஆரவாரம் கேட்டது. வெளியே வந்தால் வானத்தில் குடை குடையாகப் பொதிகள் இறங்குகின்றன. புத்தகத்துக் கணக்குகளில் எங்கள் ஊருக்கு நேரில் வந்தது அது ஒன்றுதான். மலை வரவில்லை, பொதி வந்தது.

அண்ணை வானத்தைப் பார்த்தபடி நின்று, எங்களுக்கு மேலே வர முன்னமே விட்டுவிட்டான், ஆகவே இது எங்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். குடை விரிந்த பொதி, அண்ணை போய் நின்ற இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், காற்றோடு சாய்ந்து வடகிழக்கே போய் யாரோ ஒருவருடைய மிளகாய்த் தோட்டத்தில் இறங்கியது. அண்ணை வெங்காயப் பாத்திக்குள் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். புறக்கணிக்கச் சொன்னது எங்களை ஏமாற்றிவிட்டது என்றார்.

அந்த மிளகாய்த் தோட்டக்காரர் எங்களுக்கும் பங்கு தந்தார். நாலைந்து உருளைக்கிழங்கும் குடையிலிருந்து அறுத்த ஒரு நீளக் கயிறும். உருளைக்கிழங்கு செய்கிற ஊருக்கு வானத்திலிருந்து உருளைக்கிழங்கு என்று அம்மா சிரித்தார். நீண்ட நாளுக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். கயிற்றை முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியாகக் கட்டினார். வெள்ளை நைலோன் கயிறு, வழவழவென்று இருக்கும். ஈரச் சேலை போட்டாலும் தொய்யாது.

ஐயா மட்டும் சிரிக்கவில்லை. முற்றத்தில் நின்று வெறும் வானத்தை வெகு நேரம் பார்த்தார். கண்ணால் தண்ணீர் வடிந்தது. ஐயா அழுததை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

"எங்களை ஆரும் கைவிடேல்லை" என்றார் அம்மாவைப் பார்த்து. "இவ்வளவு பெரிய நாடு வந்து நிக்குது. இனி ஆர் எங்களிலை கை வைக்கிறது? பெடியன் ஒரு இடமும் போகத் தேவையில்லை. இருந்து சோதினையை எடுக்கட்டும்."

அம்மா அடுப்படிக்குப் போய் உலை வைத்தார். அண்ணை அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு தின்றார். அத்தனை சந்தோசம். ஐயாவைக் குற்றம் சொல்ல இன்றைக்கு எனக்கு மனமில்லை. அன்று எங்கள் ஊரில் ஐயாவைப் போல யோசிக்காத தகப்பன் யார்? வானத்திலிருந்து ஒன்று விழுந்தால் அது நமக்கென்று குறி பார்த்து விட்டது என்றுதானே மனிதன் நினைப்பான். ஏஜென்சிக்காரரிடம் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அந்த இடத்தில் அடுத்த ஒழுங்கைப் பெடியன் போனான். அவன் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டான், வயிறும் வைத்துவிட்டது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நிற்பான். அவன் என்ன செய்வான், பாவம்.

பிறகு அந்த நாட்டுப் படை வந்தது. ஆடி, ஆவணியில் மாலை போட்டோம். சோதனை பிந்தியது, பிறகும் பிந்தியது. அண்ணை செய்த கணக்குகளையே திரும்பச் செய்துகொண்டிருந்தார். ஐப்பசியில் அதே படையோடு சண்டை மூண்டு, நாள் முழுவதும் ஊரடங்கு என்றானது. வெளியே தலை காட்ட முடியாது. மழையும் தொடங்கிவிட்டது.

ஒரு காலை அண்ணை சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் குத்துகிறது என்றார். வாய்வாக இருக்கும் என்று அம்மா வேர்க்கொம்புச் சுக்கு அவித்துக் கொடுத்தார். அதை வாந்தி எடுத்தார். குத்து தொப்புளிலிருந்து வலப்பக்கம் இறங்கியது. காலை மடக்கிக்கொண்டு படுத்தார், நீட்ட முடியவில்லை. நோயில் படுத்தால் எங்கள் ஊரில் கிடையில் விழுந்தான் என்பார்கள். கொட்டிலில் அண்ணை எனக்குக் கீறிக் காட்டிய கிடை வேறு.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரி சும்மா நாளில் சைக்கிளில் போய்வரும் தூரம். ஐயா தடியில் வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சந்திவரை போயிருப்பார். அதற்கு அப்பால் வெடிச் சத்தம். வேலியோடு வேலியாக ஊர்ந்து திரும்பி வந்தார். முழங்கால் இரண்டும் சேறு. நாளைக்குப் பார்ப்போம் என்றார். பின்னேரமும் ஒருமுறை புறப்பட்டார். அப்போது அம்மா அவருடைய காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

அடுத்த நாள் அண்ணை கண் விழித்து, குத்து நின்றுவிட்டது என்றார். முகம் வெளிறிப்போய் இருந்தது, ஆனால் சிரித்தார். ஐயா தலையில் கையை வைத்து முருகா என்று நிலத்தில் குந்திவிட்டார். அம்மா கஞ்சி வைத்தார். எனக்கு அண்ணை அடுத்த கணக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு காலைப் பொழுது முழுவதும் எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோசமாக இருந்தோம். குடல்வால் வெடித்தால் முதலில் நோ குறையும், அதுதான் மோசமான குறி என்று பல வருடம் கழித்து ஜேர்மனியில் ஒரு டொக்டர் எனக்குச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்வது? பின்னேரம் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகைபோல ஆனது. விடிவதற்குள் அண்ணை போய்விட்டார்.

சுடலைக்கும் போக முடியாது. தோட்டத்து மூலையில், வெங்காயப் பாத்திக்கு அப்பால், கொட்டிலைப் பிரித்து அந்த மரத்தை அடுக்கினார்கள். பக்கத்து வளவிலிருந்து வேலி பிரித்து வந்தவர்கள் இரண்டு பேர். பாடை கட்டக் கயிறு இல்லை. ஐயா முற்றத்துக்குப் போய்க் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். வெள்ளை நைலோன் கயிறு. வானத்திலிருந்து எங்களுக்கென்று வந்தது அதற்குத்தான் உதவியது.

ஐயா அதற்குப் பிறகு வெறுமனே தோட்டத்துக்குப் போவார், வருவார். பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சின்னம்மாவோடு கொழும்புக்குப் போ, அங்கேயிருந்து மாமாவிடம் போகலாம் என்றார். எனக்குப் பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகி மூன்று மாதம்கூட இல்லை. பொம்பிளைப் பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்கா என்று சொந்தக்காரர் எல்லாம் வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். அம்மா சாப்பிடாமல் கிடந்தார். ஊரில் அப்போது சண்டைகூட இல்லை, ஓரளவு அமைதி. இன்னும் கொஞ்சம் பார்த்து அனுப்பலாமே என்று யார் சொல்லியும் ஐயா கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் நான் யன்னலோரம் இருந்தேன். அம்மா பின்னால் நிற்க, ஐயா கீழே நின்று யன்னலுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்திருந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. எனக்கு முன்னால் இருந்த பெடியனின் தகப்பனும் அப்படித்தான் பிடித்திருந்தார். பஸ் புறப்பட்டபோது அந்த மனிதர் பிள்ளையின் கையை விடாமல் கூடவே ஓடி வந்தார். சந்தி வரை ஓடியிருப்பார். என்னுடைய ஐயா, சாரதி ஏறவே முன்னம் கையை விட்டுவிட்டார். நான் பிடித்திருந்த விரல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.  திரும்பி நடந்தார். பஸ் அசைந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

கல்நெஞ்சுக்காரன். மாமா வீட்டில் குளிரில் இருந்து எத்தனை வருடம் அப்படி நினைத்திருப்பேன். அண்ணைக்கென்று ஒழுங்கு செய்த அறை, அண்ணைக்கென்று வாங்கி வைத்த கட்டில், அதில் நான் படுத்தேன். கட்டிலின் நீளம் எனக்குப் பாதிதான் தேவைப்பட்டது. ஐயாவின் கடிதம் வரும். சுகம், மழை, வெங்காயம் என்று நாலு வரி. நானும் நாலு வரி எழுதினேன். தொண்ணூற்றைந்தில் எங்கள் வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது ஐயாவும் நடந்தார். அங்கே யாரோ ஒருவருடைய மாமரத்தின் கீழ் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி எனக்கு வந்தபோது முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது.

பிறகு ஒருமுறை கொழும்புக்குப் போய் அம்மாவைக் கண்டேன். கிழண்டு போயிருந்தார். இரண்டு பேரும் கதைக்க ஒன்றுமில்லாமல் இருந்தபோது, ஐயா அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று கேட்டுவிட்டேன். அம்மா, அன்று பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் தானும் அதையேதான் ஐயாவிடம் கேட்டதாகச் சொன்னார். பிள்ளை அழ அழ, பஸ் வெளிக்கிட முன்னமே கையை விட்டுவிட்டீர்களே, உங்களுக்கு நெஞ்சில் ஈரமில்லையா என்று கேட்டாராம். ஐயா ஒழுங்கையில் நின்றுவிட்டாராம்.

"முன்னமே விடச் சொல்லித்தானே அவன் கத்தினவன்" என்றாராம். "நான் மேலை வருமட்டும் பிடிச்சு வைச்சிருந்து அவனை விழுத்திப் போட்டன். இவளையும் அப்பிடிச் செய்யச் சொல்லுறியே?"

அப்படியென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். ஒரு மண் உருண்டையை வைத்துப் பிள்ளைகள் விளையாடியதை மனதில் போட்டு, மகனைக் கொடுத்த பிறகு, மகளுக்குக் கணக்குச் செய்திருக்கிறார். கணக்கு சரி. நான் சரியான இடத்தில்தான் விழுந்தேன். வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், மருந்து மாத்திரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு சிராய்ப்பும் இல்லை.

ஆனால் அண்ணை சொன்ன மற்றதையும் நான் மறக்கவில்லை. விட்டாலும் அது எங்களோடுதான் வரும் என்றார். விழும் கணத்தில் விட்டவர் நேர் மேலே இருப்பார் என்றார். வந்து சேர்ந்த அன்று மாமா வீட்டு வாசலில் பெட்டியோடு நின்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் பார்க்கத் தோன்றும். சாம்பல் வானம், மேலே ஒருவரும் இல்லை. ஐயா அந்நேரம் சண்டிலிப்பாயில், கொட்டில் இல்லாத வெறும் வளவில், வெங்காயத்தை எங்கே தூக்குவது என்று தெரியாமல் நின்றிருப்பார்.